ஆக்ஸிடோசின், பாசம், எட்டு கட்டிப்பிடி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது: "ஒரு நாளைக்கு எட்டு தடவை கட்டிப்பிடித்தால் மூளையில் பாச ஹார்மோன் ஊறும், வீட்டில் சண்டையே வராது." அந்தப் பாச ஹார்மோனின் பெயர்தான் ஆக்ஸிடோசின். எழுதின புண்ணியவான் யாரோ, அன்றிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள், கோயிலில் பார்க்கிற மாமாக்கள், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கை வரைக்கும் விளக்கம் கேட்பது என்னிடம்தான். ஆளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹார்மோன் ரத்தத்தில் ஓடுகிற சமாச்சாரம்தானே டீச்சர், மூளைக்குள் அதற்கு என்ன வேலை?

பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் இருக்கும். சுரப்பி சுரக்கும், ரத்தம் சுமந்து போகும், தூரத்தில் இருக்கிற உறுப்பு கேட்கும். ஆக்ஸிடோசினும் முதலில் அப்படித்தான் மாட்டியது. 1906-இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயர் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்க வைப்பதைப் பார்த்தார். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதன் அமைப்பைக் கண்டுபிடித்து ஆய்வகத்திலேயே செய்தும் காட்டினார், 1955-இல் வேதியியல் நோபல் வாங்கினார். மொத்தமே ஒன்பது அமினோ அமிலம் கோத்த சின்ன மாலை. பிரசவ வார்டில் வலி வருவதற்கு டிரிப்பில் ஏற்றுகிறார்களே, அதே பொருள்தான்.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. ஆக்ஸிடோசினைச் செய்கிற நரம்பணுக்கள் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் நீண்ட இழைகளில் ஒரு பகுதி பிட்யூட்டரிக்கு இறங்கி ரத்தத்தில் கொட்டுகிறது. இன்னொரு பகுதி மூளைக்குள்ளேயே திரும்பிப் போய் அச்சத்தைக் கவனிக்கிற அமிக்டலா, நினைவைக் கவனிக்கிற ஹிப்போகேம்பஸ், சுகத்தைக் கணக்குப் போடுகிற நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்று பல இடத்துக்குக் கிளை விடுகிறது. ஆக, ஒரே பொருள் உடம்புக்கு ஹார்மோன், மூளைக்கு நரம்புச் செய்தி. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் லேசில் திரும்ப நுழையாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், பின்னால் ஸ்ப்ரே பற்றிப் பேசும்போது வேண்டும்.

மற்ற நரம்புச் செய்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மாமாக் கடைக்கு வாருங்கள். பணியாள் தண்ணீர் கலக்குகிற ஆளைப் பார்த்து "தே தாரிக் ரெண்டு!" என்று கத்துகிறார். ஒருவர் சொன்னார், ஒருவர் கேட்டார், வேலை முடிந்தது. குளூட்டமேட் போன்ற சாதாரண நரம்புச் செய்திப் பொருள்கள் இப்படித்தான், ஒரு நரம்பணுவிலிருந்து ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்ததற்கு, மில்லி விநாடியில்.

அதே கடையில் பந்து விளையாட்டு நடக்கிற இரவு யாரோ டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். யாருக்கும் தனியாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் கடையே மாறிவிடுகிறது. விளையாட்டுப் பார்க்கிறவனுக்கு வெறி ஏறுகிறது, பொட்டலம் கட்டக் காத்திருக்கிற ஆன்ட்டிக்கு எரிச்சல் ஏறுகிறது, ஹெட்ஃபோன் போட்டிருக்கிற பையனுக்கு ஒன்றும் இல்லை. ஆக்ஸிடோசின், அதன் நெருங்கிய சொந்தமான வாசோபிரசின் போன்றவை இந்த இரண்டாம் ரகம். நரம்பணுவிலிருந்து கசிந்து அக்கம்பக்கம் பரவும், விநாடிகள் நிமிடங்கள் என்று நீடிக்கும், எந்த நரம்பணுவில் அதற்கான ஏற்பி, அதாவது அதைப் பிடித்துக்கொள்கிற கொக்கி, இருக்கிறதோ அது மட்டும் மாறும். புதிதாக ஒரு கட்டளையும் அது கொண்டுவருவதில்லை, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற சுற்று எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதை மாற்றுகிறது.

2013-இல் வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலியின் ஹிப்போகேம்பஸ் துண்டில் ஆக்ஸிடோசின் போன்ற மருந்தை விட்டுப் பார்த்தார்கள். அங்கே மற்ற அணுக்களை அடக்கி வைக்கிற அணுக்கள் வேகமாகத் துடிக்க ஆரம்பித்தன. சரி, அப்படியென்றால் எல்லாமே அடங்கிப்போக வேண்டும் அல்லவா? அடங்கியது வெறும் இரைச்சல் மட்டும். உண்மையாக வந்த செய்தி முன்னைவிடத் தெளிவாகக் கடந்து போனது. வானொலியில் கரகரப்பு நின்று பாட்டு கேட்கிற மாதிரி.

அப்படியானால் இந்த ஹார்மோன் எல்லோரிடமும் ஒரே வேலையைச் செய்யாதா?

செய்யாது. இதற்குத்தான் வோல் கதை. வோல் என்பது நம் சுண்டெலி மாதிரி இருக்கும், வால் குட்டை. அமெரிக்கப் புல்வெளியில் வாழ்கிற பிரெய்ரி வோல்களை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லோவெல் கெட்ஸ் பொறி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அதே ஆணும் அதே பெண்ணும் ஒன்றாகத் திரும்பத் திரும்ப மாட்டின. ஜோடி கட்டி வாழ்கிற எலி! பாலூட்டிகளில் இது அபூர்வம், நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது. நெருங்கிய சொந்தங்களான மலை வோலும் மெடோ வோலும் இணை சேர்ந்த கையோடு தன் வழியைப் பார்த்துப் போய்விடும்.

சூ கார்ட்டர், தாமஸ் இன்செல், லாரி யங் ஆகியோர் பல ஆண்டுகள் இதைத் துருவினார்கள். சோதனை எளிமையானது. மூன்று அறை உள்ள பெட்டி. ஓர் அறையில் பழகிய இணையைக் கட்டி வைப்பார்கள், இன்னொன்றில் புதிய ஆளை. நடு அறையிலிருந்து எலியை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் பார்ப்பார்கள், யார் பக்கத்தில் ஒட்டி உட்காருகிறது என்று. பிரெய்ரி வோல் பழைய இணையோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

ஹார்மோன் இரண்டு வகை எலியிடமும் இருக்கிறது. ஏற்பிகள் எங்கே நிறைய இருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். ஜோடி கட்டுகிற வகையில் ஆக்ஸிடோசின் ஏற்பி நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் நிறைய, வாசோபிரசின் ஏற்பி வென்ட்ரல் பாலிடம் என்ற இடத்தில் நிறைய. இரண்டுமே வெகுமதிச் சுற்றை, சுகம் தந்ததைத் திரும்பத் தேட வைக்கிற சுற்றைச் சேர்ந்தவை. பார்த்தவுடன் இன்னாரென்று தெரிகிற அடையாளமும் மனசுக்குக் கிடைக்கிற சுகமும் அங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. 2004-இல் யங்கின் குழு மெடோ வோல் ஆண்களின் வென்ட்ரல் பாலிடத்தில் வைரஸ் வழியாக வாசோபிரசின் ஏற்பியின் மரபணுவைக் கூட்டி வைத்தது. அலைகிற பயல்கள் பழகிய பெண்ணோடு ஒட்டி உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு மரபணு, ஓர் இடம்.

இதோடு நிறுத்தினால் அழகான கதை, பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். 2023-இல் கலிபோர்னியாவில் தேவானந்த் மனோலி, நீராவ் ஷா குழுக்கள் மரபணுவை வெட்டித் திருத்துகிற கிரிஸ்பர் முறையில் ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை உருவாக்கின. ஜோடி சேராது என்றுதான் எதிர்பார்ப்பு. அவை சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன, பால் மட்டும் கொஞ்சம் குறைவு. ஜோடி கட்டுவது போன்ற முக்கியமான காரியத்தை உடம்பு ஒற்றை நூலில் தொங்கவிடுவதில்லை போலும். பிறக்கும்போதே ஒரு வழி அடைபட்டிருந்தால் வளர்கிற மூளை வேறு வழி போட்டுக்கொள்கிறது. இந்த முடிவு வந்த அன்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

குழந்தை முனகினால் அம்மாவுக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது?

தங்கை பிரசவித்தபோது பத்தியம் பார்க்க பட்டர்வொர்த்தில் ஒரு மாதம் இருந்தேன். தொட்டில் என் தலைமாட்டில், அவள் இரண்டு கை தள்ளிப் படுத்திருப்பாள். குழந்தை அழக்கூட இல்லை, அழுவதற்கு முன்னால் "ம்க்" என்று ஒரு சத்தம் வருமே, அதற்கே அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள், நைட்டியின் முன்பக்கம் நனைந்திருக்கும். நான் அப்போதுதான் கண்ணைத் திறப்பேன்.

நைட்டி நனைந்ததற்குக் காரணம் பழைய பாடம். குழந்தையின் குரலே போதும், வாய் வைப்பதற்கு முன்னாலேயே ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கொட்டி, பால் சுரப்பியைச் சுற்றியிருக்கிற தசை அணுக்களைச் சுருக்கும். எலியில் இது இன்னும் வேடிக்கை. குட்டிகள் சப்பிக்கொண்டே இருக்கும், பால் வராது. சில நிமிடத்துக்கு ஒரு முறை ஆக்ஸிடோசின் நரம்பணுக்கள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் படபடவென்று துடிக்கும், அப்போது மட்டும் பால் இறங்கும்.

காது விஷயம் 2015-இல் தெளிவானது, நியூயார்க்கில் பியாங்கா ஜோன்ஸ் மார்லினும் ராபர்ட் ஃப்ரோம்கியும் செய்த வேலை. சுண்டெலிக் குட்டி கூட்டிலிருந்து விழுந்தால் நம் காதுக்கு எட்டாத உச்சத் தொனியில் கத்தும். தாய் ஓடிவந்து தூக்கிப்போகும், பிள்ளை பெறாத எலி கண்டுகொள்ளாது. அந்தப் பிள்ளை பெறாத எலியின் இடது பக்கக் கேட்டல் புறணியில் (மூளையில் சத்தத்தைக் கவனிக்கிற இடம்) ஆக்ஸிடோசின் கிடைக்கச் செய்து குட்டியின் குரலைக் கேட்க விட்டால், அடக்குகிற அணுக்களின் பிடி தளர்ந்து அந்தக் குரலுக்கு நரம்பணுக்கள் துல்லியமாகத் துடிக்கக் கற்றுக்கொள்கின்றன. எலியும் குட்டியைத் தூக்க ஆரம்பிக்கிறது. கற்ற பிறகு ஆக்ஸிடோசினைத் தடுத்தாலும் பரவாயில்லை, தூக்கும். படிக்கிற காலத்தில்தான் அது தேவைப்படுகிறது.

என்னைப் போன்ற பெரியம்மாக்களுக்கு ஒரு நற்செய்தி. 2021-இல் அதே குழு, தாயோடு ஒரே கூண்டில் விட்ட பிள்ளை பெறாத எலிகளை நாள்கணக்கில் படம் பிடித்தது. தாய் அவற்றைக் கூட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது, குட்டி தூக்கிக் காட்டுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் எலியின் ஆக்ஸிடோசின் அணுக்களும் துடிக்கின்றன, சில நாளில் அதுவும் தூக்குகிறது. நானும் இருபதாவது நாள் வாக்கில் அந்த "ம்க்"குக்கு எழ ஆரம்பித்தேன், என் மூளைக்குள் அதேதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். பிலிப்பைன்ஸின் செபூ நகரில் 624 ஆண்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். தகப்பன் ஆனவர்களின் டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன், நன்றாக இறங்கியிருந்தது, தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு. மச்சானுக்கு இதை அனுப்பினேன், நீல டிக் மட்டும் விழுந்தது.

பாட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் குழந்தை சொக்கிப்போகிறதே, அதுவும் ஹார்மோனா?

ஓரளவு, ஆனால் அது தோலிலிருந்து தொடங்குகிறது. மயிர் உள்ள தோலில் சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. குத்தினால் கிள்ளினால் பேசுகிற நரம்புகள் வேறு. இவை மெதுவாக வருடுவதற்கென்றே இருக்கிற மாதிரி இருக்கும்: விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகம், தோலின் சூடு, இந்த இரண்டும் சேர்ந்தால் அதிகம் துடிக்கும். ரொம்ப வேகமாகத் தேய்த்தாலும் அசையாமல் வைத்தாலும் குறைந்துவிடும்.

எங்கள் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே குழந்தையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவார். தலைக்கு ஊற்றும்போது பிள்ளை ஊரைக் கூட்டும். துவட்டி முடித்து, எண்ணெய்க் கையால் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் வருடும்போதுதான் கண் செருகும். ஒரு நாள் அதை ஃபோனில் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர் கால், மூன்று விநாடி. விநாடிக்கு ஐந்து. ஒரு பட்டமும் வாங்காத கை!

2020-இல் பெண் எலிகளை வைத்து ஒரு சோதனை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருந்து பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், தொட முடியாது என்றால் ஹைப்போதலாமஸின் சின்ன ஆக்ஸிடோசின் அணுக்கள் பெரிதாக அசையவில்லை. வலையை எடுத்ததும், உடம்பு உடம்போடு உரசியதும், துடித்தன. வீடியோ காலில் பேரனைப் பார்க்கிற பாட்டிகளிடம் இதைச் சொல்லாதீர்கள்.

அப்போ எட்டு முறை கட்டிப்பிடிக்கலாம்தானே?

கட்டிப்பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் எட்டு என்ற எண்ணுக்கு அடிப்படை கிடையாது. யார் என்பதும் முக்கியம். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சிம்பன்சிகளின் சிறுநீரைச் சேகரித்து ஆக்ஸிடோசின் பார்த்தார்கள், 2013-இல் வந்தது. நெருங்கிய கூட்டாளி பேன் பார்த்துவிட்டால் அளவு ஏறியது, பழக்கமில்லாதவர் பார்த்துவிட்டால் ஏறவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கணக்குக்குக் கட்டிப்பிடித்தால் என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே இருக்கிறதாமே, அடித்தால் ஆளை நம்புவார்களாமே?

2005-இல் சூரிச்சில் நடந்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. பணத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுக்கிற விளையாட்டு, அவர் திருப்பித் தரலாம், தராமலும் போகலாம். ஆக்ஸிடோசின் அடித்த 29 பேரில் 13 பேர் கையில் இருந்ததை முழுசாகக் கொடுத்தார்கள். மருந்தில்லாத போலி ஸ்ப்ரே அடித்த 29 பேரில் 6 பேர்தான். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. கவனியுங்கள், மொத்தம் 58 பேர். 2020-இல் இன்னும் நிறையப் பேரை வைத்து, முன்கூட்டியே திட்டத்தைப் பதிவு செய்துவிட்டு, அதே மாதிரி செய்து பார்த்தார்கள். முதலில் கிடைத்த விளைவு கிடைக்கவில்லை. மூக்கு வழியாக அடித்ததில் மூளைக்குப் போய்ச் சேருவதும் ரொம்பக் கொஞ்சம், மேலே சொன்ன தடுப்பு.

என் மகனுக்கு ஆட்டிசம். அந்த ஸ்ப்ரே உதவுமா?

இந்தக் கேள்வியை மூன்று அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள், மூன்று முறையும் குரலைத் தாழ்த்தித்தான். அதனால் நேராகச் சொல்கிறேன். 2021-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 3 முதல் 17 வயது வரை 290 பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு ஆக்ஸிடோசின், பாதிப் பேருக்குப் போலி மருந்து, 24 வாரம் தினமும். பழகும் விதத்தில் இரண்டு பக்கமும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஆன்லைனில் ஒரு பாட்டிலுக்கு முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார், ஆறு பாட்டில், விற்றவன் பிறகு எண்ணை மாற்றிவிட்டான். அந்தக் காசுக்குப் பேச்சுப் பயிற்சி எத்தனை மணி நேரம் கிடைத்திருக்கும். பிள்ளையைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்காமல் மூக்கில் எதையும் அடிக்காதீர்கள்.

ரத்தத்தில் ஆக்ஸிடோசின் அளவு பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ரத்தத்தில் சில நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், ரத்த அளவை வைத்து மூளைக்குள் நடப்பதைச் சொல்லவும் முடியாது.

இது பாச ஹார்மோன் என்றால் மனுசன் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறான்?

பாச ஹார்மோன் என்ற பெயர்தான் கோளாறு. குட்டி போட்ட தாய் எலி கூட்டுப் பக்கம் வருகிறவனைக் கடித்துக் குதறும், அதிலும் ஆக்ஸிடோசினுக்குப் பங்கு உண்டு. நெதர்லாந்தில் கார்ஸ்டன் டி ட்ரூ 2010, 2011-இல் நடத்திய சோதனைகளில் ஆக்ஸிடோசின் எடுத்தவர்கள் தன் குழுவுக்கு விட்டுக்கொடுத்தார்கள், தன் குழுவைக் காக்க முந்திக்கொண்டார்கள், வெளியாளிடம் அந்தத் தாராளம் இல்லை. ஸ்ப்ரே ஆய்வுகளை முழுசாக நம்ப வேண்டாம் என்று நானே சொன்னேன், இதுவும் அந்த ரகம்தான், ஆனால் எலி காட்டுகிற திசையோடு ஒத்துப்போகிறது. எதிரில் இருக்கிற ஆள் முக்கியமானவர் என்று மூளை குறித்துக்கொள்கிறது, அவர் வேண்டியவரா வேண்டாதவரா என்பது உங்கள் பழைய கணக்கு. கோயில் கமிட்டித் தேர்தல் ஒன்றுக்குப் போய் வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இந்த அணிக்காரர்கள் ஒருவருக்கொருவர் இலை போட்டுச் சோறு பரிமாறுவார்கள், அந்த அணிக்காரருக்கு நாற்காலி கிடைக்காது.

டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தால் முரட்டுத்தனம் வரும், அதுவாவது உண்மையா?

2010-இல் சூரிச்சிலேயே பெண்களுக்கு நாக்கடியில் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பணம் பங்கு போடச் சொன்னார்கள். ஹார்மோன் உள்ளே போனவர்கள் நியாயமாகவே பிரித்தார்கள், சராசரியில் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கொடுத்தார்கள். ஆனால் தனக்குக் கொடுத்தது டெஸ்டோஸ்டிரோன்தான் என்று நம்பியவர்கள், உள்ளே போனது எதுவாக இருந்தாலும், கஞ்சத்தனம் காட்டினார்கள். முரட்டுத்தனத்தை ஹார்மோனைவிட அதன் பெயர் நன்றாகச் செய்கிறது.

வாசோபிரசின் ஆம்பிளை ஹார்மோனா?

இல்லை, இருபாலருக்கும் உண்டு. ஆக்ஸிடோசினோடு ஒப்பிட்டால் ஒன்பதில் இரண்டு அமினோ அமிலம்தான் மாறும். முக்கிய வேலை சிறுநீரகத்தில் தண்ணீரைச் சேமிப்பது. பீர் குடித்தவர் ஏன் அடிக்கடி எழுந்து போகிறார்? மது இதை அடக்கிவிடுகிறது.

தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்கு நடுவில் 272 படி ஏறும்போது வலியே தெரியவில்லை. அதுவும் ஆக்ஸிடோசின்தானா டீச்சர்?

பத்துமலையில் நீங்கள் சொல்கிற நிலைக்கு முதலில் கைகாட்ட வேண்டியது எண்டார்ஃபினை, மூளை தானே செய்துகொள்கிற அபின் போன்ற பொருள். ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகளைத் தனியாகவும் கூட்டாகவும் துடுப்பு இயந்திரத்தில் ஓட்டவிட்டுப் பிறகு வலி தாங்கும் அளவைப் பார்த்தார்கள். உழைப்பு ஒன்றுதான், ஆனால் கூட்டாக, ஒரே தாளத்தில் ஓட்டிய நாளில் வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. எண்டார்ஃபின் கூடியதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். மேளம், கூட்டம், ஒரே அடியாக எடுத்து வைக்கிற கால், விரதம் இருந்த உடம்பு, அப்புறம் உங்கள் பக்தி. முருகனுக்கு எவ்வளவு, எண்டார்ஃபினுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க என்னிடம் தராசு இல்லை.

என் பூனை என்னையே உற்றுப் பார்க்கிறதே, அதுவும் பாசமா?

2015-இல் ஜப்பானில் நாய்களை வைத்துப் பார்த்தார்கள். நாய் எஜமானை நீண்ட நேரம் பார்த்தால் இருவர் சிறுநீரிலும் ஆக்ஸிடோசின் ஏறியது, மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்கள் அப்படிப் பார்க்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பூனை அந்த ஆய்விலேயே இல்லை அக்கா. உங்கள் வீட்டுப் பூனை எதைப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும், போன வாரம் வந்தபோது அதன் தட்டு காலியாக இருந்தது.